கண்டெடுத்த பிறகு என்ன? - ‘ஹிடன் ஃபோக்ஸ்’ விளையாட்டை முன்வைத்துச் சில குறிப்புகள்

இலக்கிய ஏடொன்றில் கணினி விளையாட்டைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். நம்ம வீட்டுப் பிள்ளைகள் புத்தகத்தோடு இருப்பதைவிட போனோடுதான் அதிகநேரம் இருக்கிறார்கள். அதைப் பற்றிய நமது பேச்சோ ‘கேம் விளையாடுறது கூடுமா, கூடாதா’ என்ற ஒற்றைக் கேள்வியோடு முடிந்துபோகிறது. ஒரு நாவலை உள்ளே போய் வாசித்து எடைபோடுவதைப் போல, ஒரு விளையாட்டையும் அது பிள்ளையின் கைக்கும் கண்ணுக்கும் என்ன பழக்கத்தைக் கொடுக்கிறது என்று பார்த்து எடைபோடலாம். அப்படிப் பார்ப்பதற்குத் தகுதியான ஒன்றாகவே ‘ஹிடன் ஃபோக்ஸ்’ எனக்குப் படுகிறது.

இது 2017 பெப்ரவரியில் வெளிவந்தது. விளையாட்டை வடிவமைத்தவர் நெதர்லாந்தைச் சேர்ந்த அட்ரியான் டி யோங். படங்களை வரைந்தவர் சில்வான் டெக்ரோக். படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளைதான். மனிதர், மரம், கூடாரம், தொழிற்சாலை என எல்லாம் கடதாசியில் பேனையால் கையாக வரையப்பட்டு, பிறகு கணினிக்குள் எடுக்கப்பட்டவை. இதில் கேட்கும் சத்தங்களும் வாயால் எழுப்பிப் பதியப்பட்டவை. காடு, பாலைவனம், நகரம், தொழிற்சாலை என்று பரந்த காட்சிகள் வரும். அவற்றுக்குள்ளே நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன உருவங்கள். திரையின் அடியில் ஒரு வரிசையில் நாம் தேட வேண்டியவர்களின் படங்கள் இருக்கும். ஒருவரைத் தொட்டால் அவரைப் பற்றி ஒரு சிறு குறிப்பு வரும். அதை வைத்து அவரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். நேரக் கட்டுப்பாடு இல்லை, புள்ளிகள் இல்லை, தோல்வியும் இல்லை.

இந்த வகை விளையாட்டுக்கு ஒரு பரம்பரை உண்டு. மார்ட்டின் ஹான்ட்ஃபோர்டின் ‘வேர்ஸ் வாலி’ படப்புத்தகம் 1987இல் வந்தது. அதிலே தேடப்படுபவன் வாலி என்ற ஒருவன். அவனைச் சுற்றியுள்ள கூட்டம் அவனை மறைக்கும் திரை. 2005இல் ‘மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ்: ஹன்ட்ஸ்வில்’ வந்தபோது, மனிதரைத் தேடுவது போய்ப் பொருட்களைத் தேடுவது முதன்மையானது. பட்டியலில் உள்ளதைக் கடிகாரம் முடிவதற்குள் எடுக்க வேண்டும். அங்கே வேகம்தான் திறமை.

‘ஹிடன் ஃபோக்ஸ்’ இந்த இரண்டிலிருந்தும் விலகி நிற்கிறது. முதலாவது, அதன் குறிப்புகள். முகத்தை மட்டும் காட்டி ‘தேடு’ என்று விடுவதில்லை. அந்த மனிதர் என்ன செய்துகொண்டிருப்பார், எதில் விருப்பமுள்ளவர் என்பதைச் சொல்கிறது. கண்ணை ஓடவிட்டால் போதாது. அவருடைய பழக்கத்தை யோசித்து, ‘இவர் எங்கே போயிருப்பார்?’ என்று ஊகிக்க வேண்டும். இரண்டாவது, கூட்டத்துக்கும் இங்கே குரல் உண்டு. பட்டியலில் பேர் இல்லாத ஆளைத் தொட்டாலும் ஏதாவது சத்தம் போடுவார், ஓர் அசைவு காட்டுவார். நமக்குத் தேவைப்படாதவரும் ஆள்தான் என்று இந்த விளையாட்டு சத்தமில்லாமல் சொல்லிவிடுகிறது. ‘உதவி செய்வதைப் பற்றிய இதமான விளையாட்டுகள்’ என்ற பேச்சு வரும்போது இதையும் அந்த வரிசையில் வைப்பவர்களுக்குக் காரணம் இருக்கத்தான் செய்கிறது.

ஆனால், தேடிக் கண்டுபிடிப்பது உதவியாகிவிடுமா? எனது பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது.

நமது ஃபிக்ஹ் நூல்களில் ‘லுகதா’ என்று ஒரு பாடம் உண்டு. வழியில் கிடந்த பொருளைக் கண்டெடுத்தவர் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றியது. ஹதீஸ் சொல்லும் முறை இது: பையையும் அதைக் கட்டியிருக்கும் கயிற்றையும் நன்றாக அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும், ஒரு வருடம் அறிவிக்க வேண்டும், உரியவர் வந்து அடையாளம் சொன்னால் கொடுத்துவிட வேண்டும். அதாவது, கண்டெடுத்த நொடியில்தான் பொறுப்பு தொடங்குகிறது. ‘ஹிடன் ஃபோக்ஸி’லோ கண்டெடுத்த நொடியில் எல்லாம் முடிந்துவிடுகிறது. உருவத்தைத் தொட்டோம், வரிசையில் அது கிடைத்துவிட்டதாகக் குறிக்கப்பட்டது, அடுத்தவருக்குப் போய்விட்டோம். அவர் தொலைந்தவரா, ஒளிந்திருந்தவரா, யாரிடமாவது போய்ச் சேர வேண்டியவரா என்ற கேள்விக்கு இங்கே இடமில்லை. குறிப்பு நமக்கு அவரை ஒரு மனிதராக அறிமுகப்படுத்தியது. கண்டுபிடித்ததும் அவர் ஓர் எண்ணிக்கையாகிவிட்டார். அடுத்த காட்சியைத் திறக்க இத்தனை பேர் வேண்டும் என்ற கணக்கு வேறு இருக்கிறது. அந்தக் கணக்குக்கு முன்னால் எந்த ஆள் என்பது முக்கியமில்லாமல் போய்விடுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. தேடுவதற்காக நாம் கூடாரத்தின் திரையை விலக்குகிறோம், கதவைத் திறக்கிறோம், புதரை வெட்டுகிறோம். விளையாட்டின் சுவையே அதில்தான் இருக்கிறது. எனக்கும் அது சுவையாகத்தான் இருந்தது. ஆனாலும் ஸலாம் சொல்லி அனுமதி கேட்காமல் பிறர் வீட்டுக்குள் நுழையாதீர்கள் என்று சூரத்துந் நூர் சொல்வதையும், துருவி ஆராயாதீர்கள் என்று சூரத்துல் ஹுஜுராத் சொல்வதையும் படித்து வளர்ந்த வாசகருக்கு ஒரு நெருடல் வரத்தான் செய்யும். படத்தில் உள்ள கூடாரத்துக்கு எதற்கு அனுமதி என்று கேட்பீர்கள். சரிதான். கேள்வி அந்தக் கூடாரத்தைப் பற்றியதல்ல. ‘நல்லதுக்குத்தான் தேடுறன், அதனால எந்தக் கதவையும் திறக்கலாம்’ என்ற மனநிலையைப் பற்றியது. அந்த மனநிலையை நாம் போனுக்குள் மட்டுமா பார்க்கிறோம்? உலர் உணவுப் பொதி கொடுக்கப் போனவர்கள், வாங்குபவரின் முகத்தோடு சேர்த்துப் படம் பிடித்துப் போடுகிறார்கள். வீட்டுக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று எட்டிப்பார்த்துவிட்டு வந்து ஊரெல்லாம் கதைக்கிறார்கள். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாமல் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டுதான் இது நடக்கிறது. உதவி தேவைப்படுபவரைக் கண்டுபிடிப்பதும் அவரை வெளியே இழுத்துக் காட்டுவதும் ஒன்றல்ல. இந்த விளையாட்டு இரண்டையும் ஒரே விரல் தொடுகையில் வைத்திருக்கிறது.

அதேநேரம், ‘ஹிடன் ஃபோக்ஸ்’ தன்னையறியாமலே ஒரு நல்ல இடத்தைத் தொட்டிருக்கிறது. பெரிய காட்சிகளுக்கு இடையே சில சிறிய காட்சிகள் வருகின்றன. அவற்றில் பட்டியலைவிட வழிதான் முக்கியம். ஒருவர் போய்ச்சேர வேண்டிய பாதையில் தடைகள் கிடக்கும். நாம் ஒவ்வொன்றாகத் தொட்டு விலக்க, அவர் நகர்ந்து போவார். அவரை நாம் தூக்கிக் கொண்டுபோய் வைப்பதில்லை. வழியை மட்டும் சரிசெய்து கொடுக்கிறோம், நடப்பது அவர்தான். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்றும், வழி தவறியவருக்கு வழிகாட்டுவது ஸதகா என்றும் ஹதீஸ்களில் படித்திருக்கிறோம். அந்தக் கருத்துக்கு மிகக் கிட்டவாக இந்த விளையாட்டு வருவது இந்தச் சிறிய காட்சிகளில்தான். இங்கே யாரும் ‘கண்டுபிடிக்கப்பட்ட’ ஆளாக ஆவதில்லை. ஒருவருடைய பயணம் முடிகிறது, நாம் ஒதுங்கிவிடுகிறோம். ஆக்கியவர்கள் இவற்றை இடைவேளை போலத்தான் வைத்திருக்கிறார்கள். என் கணிப்பில் இதுவே மையமாக இருந்திருக்க வேண்டும்.

ஆகவே, பிள்ளைகளின் கையிலிருந்து இதைப் பறிக்கச் சொல்ல மாட்டேன். அவசரமில்லாமல் பார்ப்பதை, ஒரு வரியை வாசித்து ஒரு மனிதரை ஊகிப்பதை, தேவையில்லாதவரையும் கவனிப்பதை இது நன்றாகவே பழக்குகிறது. உதவியைக் கற்றுத்தருகிறது என்ற பாராட்டை மட்டும் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். மிச்சப் பாதியைப் பக்கத்தில் இருக்கும் பெரியவர்கள்தான் கொடுக்க முடியும். ‘ஆளைக் கண்டுபிடிச்சிட்டாய், சரி. இனி அவருக்கு என்ன செய்யணும்? அவரிட்ட கேட்டியா?’ என்று ஒரு உம்மாவோ வாப்பாவோ அந்த இடத்தில் கேட்டால் போதும்.