முதலில் தொடும் கை

இரவு பதினொரு மணிக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வாசலில் 108 ஆம்புலன்ஸ் வந்து நின்றால், ஸ்ட்ரெச்சரை நோக்கி முதலில் ஓடுபவர் பெரும்பாலும் ஹவுஸ் சர்ஜன்தான். எம்.பி.பி.எஸ். இறுதித் தேர்வு முடித்துச் சில மாதங்களே ஆனவர். ஓராண்டுப் பயிற்சியில் அவசரப் பிரிவுக்கென 2021ஆம் ஆண்டு விதிகள் ஒதுக்குவது இரண்டே வாரம். மிகப் புதியவரை மிக ஆபத்தான வாசலில் நிறுத்தும் இந்த வழக்கம் சரிதானா?

சரி என்பதற்குக் காரணங்கள் உண்டு. பூச்சிமருந்து குடித்தவரின் ஊசிமுனையாய்ச் சுருங்கிய கண்மணியை நேரில் பார்த்து, நுரையீரலின் களகளப்பு அடங்கும்வரை அட்ரோபின் ஏற்றியவருக்கு அந்தப் பாடம் ஆயுளுக்கும் மறக்காது. பாம்பு கடித்தவரின் ரத்தத்தைப் புதிய கண்ணாடிக் குழாயில் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துப் பார்த்து, உறையவில்லை என்றதும் விஷமுறிவு மருந்தைத் தொடங்குவதும் அப்படித்தான். நாளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனியாக இருக்கப்போகிறவரை இந்தக் கைப்பழக்கமே காப்பாற்றும்.

ஆனால் எல்லா ஆபத்தும் முகம் காட்டி வருவதில்லை. ஐம்பது வயது சர்க்கரை நோயாளி ஒருவர் நடந்தே வருகிறார். "வாயுப் பிடிப்பு டாக்டர், ஒரு ஊசி போட்டா சரியாயிடும்" என்கிறார். அவசரத்தைப் பொறுத்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று தரம் பிரிக்கையில், நடந்து வந்தவரைப் பச்சையில் சேர்க்கவே புதிய கண் துடிக்கும். 10 நிமிடத்துக்குள் எடுக்க வேண்டிய ஈ.சி.ஜி. அங்கே தவறிப்போகலாம். வாயுப் பிடிப்பாய்த் தோன்றும் மாரடைப்பைச் சந்தேகிக்கப் பழகிய கண் வேண்டும். அது பக்கத்து அறையில் இருக்கும் மூத்தவரிடம் இருக்கிறது.

அவரை அழைப்பதில்தான் சிக்கல். "இதுக்கெல்லாமா எழுப்புவீங்க?" என்று ஒருமுறை கேட்டுவிட்டால், அடுத்த இரவு அந்த இளைஞர் போனை எடுக்கத் தயங்குவார். தனியாகச் சமாளித்ததற்குப் பாராட்டும், உதவி கேட்டதற்கு ஏச்சும் கிடைக்கும் இடத்தில், பயத்தை மறைக்கத்தான் அவர் கற்றுக்கொள்கிறார். விபத்துப் பதிவேடு எழுதுவது, ரத்த மாதிரியைத் தூக்கிக்கொண்டு லேபுக்கு ஓடுவது என்று மீதி நேரமும் கரைந்துவிடுகிறது. யோசிக்கவோ கேட்கவோ இடமில்லை.

ஹவுஸ் சர்ஜனை வாசலிலிருந்து விலக்குவது தீர்வாகாது. அங்கே நின்றால்தான் அவர் மருத்துவராவார். இந்தியாவில் அவசர மருத்துவம் 2009இல் தனித்துறையாக அங்கீகாரம் பெற்றது. அதைப் படித்தவர்கள் இன்று இருக்கிறார்கள்; அவர்களை அருகில் நிறுத்தலாம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், நினைவு தவறுதல் என்றால் மூத்தவரைக் கட்டாயம் அழைத்தாக வேண்டும் என்று சுவரில் எழுதி வைக்கலாம். அழைப்பது விதியாகிவிட்டால் கேட்பவருக்குக் கூச்சமில்லை, வருபவருக்கும் கோபமில்லை. டூட்டி முடிந்ததும் ஒரு நோயாளியைப் பற்றியாவது பத்து நிமிடம் உட்கார்ந்து பேசலாம்.

'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குத் தமிழக அரசு பொறுப்பேற்கிறது. அந்த 48 மணி நேரத்தின் முதல் நிமிடம் ஹவுஸ் சர்ஜனின் கையில் இருக்கிறது. அந்தக் கைக்கு அருகில் இன்னொரு கை இருக்க வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை.