பின்னோக்கி இறங்கிய படிகள்: ரஷ் குழுவின் பாடல் வரிசை

2015 மே 8 அன்று அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் உள்ள டல்சா நகரில் கனடாவின் ரஷ் குழு மேடை ஏறியது. நாற்பதாண்டு நிறைவைக் கொண்டாட 'ஆர்40' என்று பெயரிட்ட பயணத்தின் முதல் இரவு அது. எடுத்த எடுப்பில் அவர்கள் வாசித்தது 2012இல் வெளிவந்த, தங்கள் கடைசி ஆல்பமான 'கிளாக்வொர்க் ஏஞ்சல்ஸ்' பாடல்களை. அதன் பிறகு 2007ஆம் ஆண்டு ஆல்பம், பிறகு 2002, பிறகு 1993, 1991. இப்படியே படிப்படியாக இறங்கி, இடைவேளையும் சேர்த்து ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில், 1974இல் வந்த முதல் ஆல்பத்தில் போய் நின்றார்கள். மேடையும் கூடவே இளமைக்குத் திரும்பியது. கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போதே பணியாளர்கள் வந்து ஒரு காலத்தின் பொருள்களை அகற்றிவிட்டு அதற்கு முந்தைய காலத்தின் பொருள்களை வைத்துவிட்டுப் போனார்கள். இரண்டாம் பாதியில் எழுபதுகளின் பாணியில் பெரிய ஆம்ப்கள் (கிட்டார் ஒலிபெருக்கிகள்) சுவர்போல எழும்பி நின்றன. கடைசியில் அந்தச் சுவரும் போய், ஒரு பள்ளிக்கூட அரங்கின் பின்னணியில், நாற்காலிமேல் வைத்த சின்ன ஆம்ப்கள்தான் மிஞ்சின.

ஒரு ராக் குழு தன் பாடல்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறது, எந்த வரிசையில் வைக்கிறது என்பதை விமர்சகர்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. பாடலை ஆராய்வார்கள், ஆல்பத்தை ஆராய்வார்கள். இந்த வரிசையை, அதாவது செட்லிஸ்டை, ரசிகர்கள் எண்ணிப் பார்க்கும் புள்ளிவிவரம் என்று விட்டுவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பத்தொன்பது ஸ்டுடியோ ஆல்பம் வெளியிட்ட ஒரு குழு, ஒரே இரவுக்கு இருபதுக்கும் சற்று அதிகமான பாடல்களை மட்டும் எடுத்து அடுக்கும்போது, தன்னைப் பற்றித் தானே ஒரு தீர்ப்பு எழுதுகிறது. ரஷ்ஷின் தீர்ப்பு எவ்வளவு சரி, எங்கே பிழை என்று பார்க்கலாம்.

வயதான ராக் குழுக்கள் எல்லாவற்றுக்கும் ஒரே சிக்கல்தான். கூட்டம் முப்பது, நாற்பது ஆண்டுக்கு முந்தைய பாடலுக்காக வருகிறது. வாசிப்பவர்களுக்கோ நேற்று எழுதிய பாடல்மீதுதான் பிரியம். வழக்கமான ஏற்பாட்டில் பிரபலமான பாடல்கள் தொடக்கத்திலும் முடிவிலும் வரும், புதியவை நடுவில் வரும். நடுவில் வந்த புதுப் பாடல் தொடங்கியதும் பாதிப் பேர் எழுந்து வெளியே போவார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் குழு அந்த நடுப்பகுதியை மிக் ஜாகர் ஓய்வெடுக்கும் நேரமாக்கி, கீத் ரிச்சர்ட்ஸ் பாடும் பாடல்களுக்குக் கொடுத்துவிட்டது. கிரேட்ஃபுல் டெட் வேறு வழியில் போனது. எழுதிவைத்த வரிசையே இல்லாமல் மேடை ஏறி, அன்றைய மனநிலை எங்கே இழுத்ததோ அங்கே போனார்கள். அவர்களுடைய ரசிகர்கள் ஊர் ஊராகப் பின்தொடர்ந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

ஆர்40 வரை ரஷ் இதற்கு நேர் எதிர்முனையில் நின்றது. பயணம் தொடங்கும் முன் ஒத்திகையில் வரிசையை முடிவு செய்துவிட்டால், கடைசி ஊர்வரை அது அநேகமாக மாறியதில்லை. ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் ஒருநாள் ஒரு பாடல், மறுநாள் இன்னொன்று என்று மாற்றுவார்கள். இதற்குக் காரணம் சோம்பல் என்று சொல்வது நியாயமில்லை. மேடையில் இருந்தது மூன்றே பேர். கெட்டி லீ பாடிக்கொண்டே பேஸ் வாசிப்பார், கீபோர்டும் வாசிப்பார், காலால் பெடலும் மிதிப்பார். ஆல்பத்தில் பல அடுக்குகளாகப் பதிவான ஒலிகளை ஒவ்வொருவரும் தன் கையாலோ காலாலோ சரியான நொடியில் இயக்க வேண்டியிருந்தது. பின்திரையில் ஓடும் படங்கள் பாடலோடு பிணைந்தவை. ஒளியமைப்பும் அப்படியே. 1996இல் தொடங்கிய 'டெஸ்ட் ஃபார் எக்கோ' பயணத்திலிருந்து அவர்களுக்கு முன்னால் வேறு குழு வாசித்ததும் இல்லை. இரண்டு பாதி, நடுவே இடைவேளை, இரவு முழுவதும் இவர்களே. இவ்வளவு பிணைப்புள்ள ஒரு நிகழ்ச்சியில் ஒரு பாடலை உருவினால் அதோடு ஒரு படம், ஒரு விளக்கு வரிசை, ஒரு கிட்டார் மாற்றம் எல்லாம் சேர்ந்து வரும்.

இந்த இறுக்கத்தால் கிடைத்த லாபம் பெரியது. தாளம் ஏழு, ஐந்து என்று மாறி மாறிப் போகும் நீண்ட பாடல்களை மூவரும் அநேகமாகத் தடுமாறாமல் வாசித்தார்கள் என்றால், அதே வரிசையில் தினமும் வாசித்ததும் அதற்கு ஒரு காரணம். எந்த ஊர்க்காரர் சீட்டு வாங்கினாலும் முழுமையான நிகழ்ச்சி கிடைத்தது. 'இன்றைக்கு அவர்களுக்கு மனமில்லை' என்று யாரும் ஏமாந்து திரும்பவில்லை. ஆண்டுக்கு ஒரு முறைகூடத் தங்கள் ஊருக்கு வராத குழுவைப் பார்க்கப் பணம் சேர்த்து வரும் ரசிகருக்கு இது சின்ன விஷயமில்லை.

நட்டமும் உண்டு. அடுத்தடுத்து இரண்டு இரவுகள் சீட்டு வாங்கியவருக்கு இரண்டாம் இரவில் புதிதாகக் கேட்க ஒன்றிரண்டு பாடல்தான். அதைவிடப் பெரிய நட்டம் பாடல்களுக்கு நேர்ந்தது. 1981இல் 'மூவிங் பிக்சர்ஸ்' ஆல்பத்தில் வந்த 'டாம் சாயர்' அதன்பின் பயணந்தோறும் வந்தது. அதே ஆல்பத்தின் பதினோரு நிமிடப் பாடலான 'தி கேமரா ஐ' 1983இல் கைவிடப்பட்டு, 2010இல் அந்த ஆல்பத்தை முழுவதுமாக வாசித்தபோதுதான் திரும்பி வந்தது. இருபத்தேழு ஆண்டு. ஓர் இடம் நிரந்தரமாக நிரம்பிவிட்டால் வெளியே நிற்கும் பாடல் வெளியேதான் நிற்க வேண்டும். மாறாத வரிசையில் நல்ல பாடல்கள் சத்தமில்லாமல் மறந்துபோகின்றன என்பதுதான் ரஷ் மீது எனக்குள்ள முதல் குறை.

ஆர்40 வரிசையை நான் உயர்வாக மதிப்பதற்குக் காரணம், இந்த இறுக்கத்துக்கு அங்கே ஒரு பொருள் கிடைத்தது என்பதே. காலத்தைப் பின்னோக்கி ஓட்ட வேண்டுமென்றால் வரிசை மாறக்கூடாது. இறுக்கமே அங்கே விதி. புதுப்பாடல் சிக்கலும் அதே அடியில் தீர்ந்தது. கேட்பவர் புத்துணர்ச்சியோடு, எழுந்து போகத் தோன்றாத நேரத்தில், முதல் அரைமணியில் புதிய பாடல்கள் வந்துவிடுகின்றன. 'தி அனார்க்கிஸ்ட்', 'ஹெட்லாங் ஃபிளைட்', 'ஃபார் க்ரை' மூன்றும் அடுத்தடுத்து வருவதை 2015 ஜூனில் டொரொண்டோவில் பதிவுசெய்த 'ஆர்40 லைவ்' ஒலிப்பதிவில் கேளுங்கள். அறுபதைக் கடந்த மூவர் தங்கள் அண்மைக்கால எழுத்துக்கு வக்காலத்து வாங்கும் வேகம் அதில் இருக்கிறது. இறங்க இறங்கக் கூட்டம் அறிந்த பாடல்கள் கூடிக்கொண்டே போகின்றன. இடைவேளை முடிந்து 'டாம் சாயர்' தொடங்கும்போது, அது வழக்கமாக வாசித்துத் தள்ளவேண்டிய பாடலாக இல்லாமல், 1981க்கு வந்துசேர்ந்துவிட்டோம் என்ற அறிவிப்பாக ஒலிக்கிறது. பழகிய பாடலுக்கு இப்படி ஒரு புது வேலை கொடுத்த வரிசையை நான் அதிகம் கண்டதில்லை.

முதல் பாதியின் முடிவுக்கு அருகே வரும் 'லூசிங் இட்' பாடலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1982இல் 'சிக்னல்ஸ்' ஆல்பத்தில் வந்தது. ஆடும் வலிமை போய்விட்ட ஒரு நடனக்காரி, எழுத்து வராமல் தவிக்கும் ஓர் எழுத்தாளர், இருவரைப் பற்றிய பாடல். வயலின் இல்லாமல் வாசிக்க முடியாது என்பதால் 33 ஆண்டுகள் மேடைக்கே வரவில்லை. ஆர்40இல்தான் முதல் முறையாக, விருந்தினராக ஒரு வயலின் கலைஞரை அழைத்து வாசித்தார்கள். டொரொண்டோவில், ஆல்பத்தில் வாசித்த பென் மிங்க்கே வந்தார். இந்தப் பாடலின் வரிகளை எழுதியவர் டிரம்மர் நீல் பியர்ட், அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. மேடையில் அதை வாசித்தபோது 62. தசைநார் வீக்கம் நெடுநாளாகவே இருந்தது, அந்தப் பயணத்தில் பாதத்தில் தொற்றும் சேர்ந்துகொண்டது. கிட்டாரிஸ்ட் அலெக்ஸ் லைஃப்சனுக்கு மூட்டுவாதம். ஒரு கலைஞனின் உடல் அவனைக் கைவிடுவதைப் பற்றி இளம்வயதில் எழுதியதை, உடல் கைவிட்டுக்கொண்டிருக்கும்போது அவர்களே வாசித்தார்கள். எந்த முன்னுரையும் சொல்லத் தேவைப்படவில்லை. அந்த இடத்தில், அந்த ஆண்டில் வைத்ததே போதுமானதாக இருந்தது. பாடல் தேர்வு என்பது படைப்புச் செயல்தானா என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் சான்று இதுதான்.

இனி இந்த வரிசையின் குறைகள். காலவரிசை என்ற விதியை ஏற்றுக்கொண்டவர்கள் அதை முழுவதுமாகக் காக்கவில்லை. 1996இன் 'டெஸ்ட் ஃபார் எக்கோ', 1989இன் 'பிரெஸ்டோ', 1987இன் 'ஹோல்ட் யுவர் ஃபயர்', 1985இன் 'பவர் விண்டோஸ்' ஆகிய நான்கிலிருந்தும் ஒரு பாடல்கூட இல்லை. 1991இலிருந்து நேரே 1984க்குக் குதிக்கிறார்கள். கீபோர்டு முன்னுக்கு வந்த காலம் அது. ரசிகர்களிடையே இன்றும் வாதம் கிளப்பும் காலம். முந்தைய 2012–13 பயணத்தில் 'பவர் விண்டோஸ்' பாடல்களை நிறைய வாசித்துவிட்டார்கள் என்பது ஒரு சமாதானம். ஆனால் வாழ்க்கைக் கதையைப் பின்னோக்கிச் சொல்லப் புறப்பட்டவர்கள் நடுவில் ஏழாண்டை விட்டுவிட்டால், அந்த ஏழாண்டைப் பற்றி அவர்களே தயங்குகிறார்கள் என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். எண்பதுகளின் நடுப்பகுதியில் அவர்கள் செய்த சோதனைகளை மதிக்கிறவன் என்ற முறையில் எனக்கு இது வருத்தமே.

இரண்டாவது, நீண்ட பாடல்களை நறுக்கியது. 'ஹெமிஸ்பியர்ஸ்' தொடரின் முன்னுரை மட்டும் வந்தது, 'சிக்னஸ் எக்ஸ்-1' துண்டாக வந்து பியர்டின் தனி ஆவர்த்தனத்தோடு கலந்தது. இருபது நிமிட '2112'உம் சில பகுதிகள் நீங்கித்தான் ஒலித்தது. அதை ஏழு பகுதியும் விடாமல் வாசித்துக் காட்டியவர்கள் இதே குழுவினர், 1996–97 பயணத்தில். பல ஆண்டுகளைத் தொட்டுச்செல்ல வேண்டும் என்ற ஆசைக்கு, ஒவ்வோர் ஆண்டின் பெரிய படைப்பும் விலை கொடுத்தது. 'ஜேக்கப்ஸ் லேடர்' பாடலை 1980க்குப் பிறகு முதல் முறையாக முழுவதும் வாசித்தபோது கூட்டம் கொடுத்த வரவேற்பைக் கேட்டால், குறைவான பாடல்களை முழுமையாக வாசித்திருக்கலாம் என்றே தோன்றுகிறது.

மூன்றாவது குறை குரல். பின்னோக்கிப் போகும் வரிசையில் மிக உச்சத்தில் பாடவேண்டிய பாடல்கள் எல்லாம் கடைசியில் வந்து சேர்கின்றன. '2112'ஐ லீ பாடிப் பதிவு செய்தபோது வயது 22. அதை 61 வயதில், நெடுநேரம் பாடிய பிறகு பாட வேண்டும். ஒலிப்பதிவில் அந்தச் சிரமம் ஒளிவுமறைவு இல்லாமல் கேட்கிறது. உடலின் கணக்கும் கதையின் கணக்கும் எதிரெதிராகப் போகும் இடம் இது. அவர்கள் கதையின் பக்கம் நின்றார்கள். நானாக இருந்தாலும் அதையே தேர்ந்திருப்பேன். ஆனாலும் விலை இருந்தது என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

 

2025 அக்டோபரில் லீயும் லைஃப்சனும் 2026இல் மறுபடியும் பயணம் போவதாக அறிவித்தார்கள். 2020 ஜனவரி 7 அன்று மறைந்த பியர்டின் இடத்தில் ஜெர்மனியைச் சேர்ந்த அனிகா நில்லெஸ் டிரம்ஸ் வாசிப்பார் என்றார்கள். ஒரு பெரிய பாடல் தொகுதியைத் தயார்செய்து, இரவுக்கு இரவு தேர்வை மாற்றப்போவதாகவும் சொன்னார்கள். மாறாத வரிசையின் முதல் குறையை அவர்களே உணர்ந்ததற்கு அதைவிடத் தெளிவான ஒப்புதல் வேண்டியதில்லை. அந்த மாற்றத்தை வரவேற்கிறேன். வெளியே நிறுத்தப்பட்ட பாடல்களுக்கு, குறிப்பாக அந்த நான்கு ஆல்பங்களுக்கு, இனியாவது கதவு திறக்கட்டும்.

ஆனால் ஆர்40 இரவுக்கு இரவு மாறியிருந்தால் அதன் முடிவு அந்த முடிவாக இருந்திருக்காது. 35 நிகழ்ச்சிகளின் கடைசி நிகழ்ச்சி 2015 ஆகஸ்ட் 1 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் அருகே இங்கில்வுட் நகரின் 'ஃபோரம்' அரங்கில் நடந்தது. வரிசையில் இறுதியாக நின்றது 'ஒர்க்கிங் மேன்'. 1974இல் கிளீவ்லாந்து வானொலி ஒன்று திரும்பத் திரும்ப ஒலிபரப்பி, இந்தக் குழுவை அமெரிக்காவுக்கு அறிமுகம் செய்த பாடல். அந்த முதல் ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்தவர் ஜான் ரட்ஸி. பியர்ட் குழுவில் சேர்ந்தது அதன் பிறகுதான். தான் இல்லாத காலத்துக்கு இறங்கிப்போய், வேறொருவர் பதிவு செய்த பாடலை வாசித்து முடித்துவிட்டு, நாற்பதாண்டுகளாக டிரம்ஸின் பின்னாலேயே இருந்த அவர் எழுந்து மேடையின் முன்பக்கத்துக்கு வந்தார். இரு நண்பர்களோடும் சேர்ந்து நின்று கூட்டத்தை வணங்கினார். அதன் பிறகு அவர் மேடை ஏறவில்லை.