ஹிமாலயனுக்கு ஒரு தனி மின்பாதை

நெடுந்தூரப் பிரயாணத்துக்கென்று ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கியவர்கள், வீட்டு வாசலில் அதை நிறுத்திய நாளிலிருந்தே அதற்கு இன்னும் என்னென்ன பூட்டலாம் என்று யோசிக்கத் தொடங்குவது இயல்பு. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் விஷயத்திலோ, அந்த யோசனையில் பெரும்பகுதியைத் தயாரிப்பாளர்களே நமக்காகச் செய்து வைத்திருக்கிறார்கள். நான் சொல்வது 2016-இல் வெளிவந்த 411 சி.சி. வண்டியை, 2023 இறுதியில் அதன் ஸ்தானத்துக்கு 450 வந்துவிட்டது என்றாலும், சென்னையை அடுத்த பீர்க்கன்கரணையில் என் வாசலில் நிற்பதும், பல மாதங்களாக என்னைத் தெற்கே அழைத்துச் சென்று திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதும் பழையதுதான். 24.5 குதிரைத்திறன், 15 லிட்டர் டாங்க், முன்னால் 21 அங்குலச் சக்கரம் என்பனவெல்லாம் வாசகர்கள் அறிந்தவை. அவற்றை மீண்டும் ஒப்பிக்க வேண்டியதில்லை.

1955-இல் திருவொற்றியூரில் காலூன்றிய நிறுவனம் இது. வண்டலூரில் திரும்பி வாலாஜாபாத் சாலையில் போனால் ஒரகடத்தில் இதன் ஆலை இருக்கிறது. நம் பக்கத்து வண்டி என்ற அபிமானம் எனக்கு உண்டு, அதை மறைப்பதற்கில்லை. கேரியர், சென்டர் ஸ்டாண்ட், காற்றுத் தடுப்புக் கண்ணாடி, டாங்கின் இருபுறமும் பெட்ரோல் கேன் கட்டுவதற்கான இரும்புச் சட்டம் ஆகிய அனைத்தையும், வேறு வண்டிக்காரர்கள் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிப் பூட்டுபவற்றை, ஆலையிலிருந்தே கொடுத்து அனுப்பியவர்கள் இவர்கள். மூட்டை கட்டுவதற்கு இடம் தேடி அலையாத மோட்டார் சைக்கிள் இது ஒன்றுதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

சுமைக்கு இவ்வளவு இடம் கொடுத்தவர்கள், மின்சாரத்துக்கு ஓர் இடம் ஒதுக்கியிருக்கலாம் என்பதே என் குறை. 2021-இல் வழிகாட்டும் ‘ட்ரிப்பர்’ கருவியைச் சேர்த்தார்கள். அது கைப்பேசியோடு இணைந்தே இயங்குவது. கைப்பேசியோ அந்த வேலையில் விரைவாகச் சார்ஜ் இழப்பது. ஆகவே சார்ஜர் வேண்டும், துணை விளக்கு வேண்டும். இரண்டுக்கும் மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது என்ற கேள்விக்கு விடையை உடைமையாளரே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்த வண்டியில் நான் செய்த மாற்றங்களுள் ஏனையவெல்லாம் சௌகரியம். இது ஒன்றே அவசியம். எனவே இக்கட்டுரை முழுவதும் இதைப் பற்றியே.

துணை விளக்கு வீண் ஆடம்பரம் என்று நினைப்பவர்கள், ஹிமாலயனின் முன்விளக்கு அமைந்திருக்கும் விதத்தைக் கவனிக்க வேண்டும். அநேக மோட்டார் சைக்கிள்களில் இருப்பதுபோல் அது ஹேண்டில்பாரோடு சேர்ந்து திரும்புவதன்று. கண்ணாடியோடும் மீட்டரோடும் சட்டத்தில் பிணைக்கப்பட்டு, வண்டி நோக்கும் திசையையே நோக்கிக்கொண்டிருப்பது. ஹேண்டில் இலேசாக இருப்பதற்கு இது உதவுகிறது. நேர்சாலையில் இதனால் ஒரு குறையும் இல்லை. ஆனால் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில், இருட்டிய பிறகு, முதல் கியரில் ஹேண்டிலை முழுவதும் ஒடித்துத் திரும்பும்போது, நாம் போக வேண்டிய சாலை வலப்பக்கம் இருளில் கிடக்க, 55 வாட் ஹாலஜன் வெளிச்சம் எதிரே உள்ள கைப்பிடிச் சுவரில் விழுந்து கிடப்பதைக் கண்டவர்கள், அகலமாகப் பரவும் துணை விளக்கு இரண்டு இந்த வண்டிக்கு எத்தனை இன்றியமையாதவை என்பதைச் சொல்லாமலே அறிவார்கள். தூரத்தைத் துளைக்கும் ஒடுங்கிய கதிர் மலைப்பாதையில் பயனற்றது. பக்கவாட்டில் விரிந்து, வளைவின் உட்புறத்துச் சரளையையும் பள்ளத்தையும் காட்டுகிற விளக்கே வேண்டும்.

இனி மின்சாரம். நம் ஊர் வழக்கம் என்ன? முன்விளக்கின் வயரைச் சீவி, புது வயரை அதில் முறுக்கி, மேலே கறுப்பு டேப்பைச் சுற்றிவிடுவது. ஒரு மெக்கானிக், உண்மையிலேயே கைத்திறன் உள்ளவர், என்னிடம் சொன்னார்: “டேப் சுத்திட்டா போதும் சார், எல்லா வண்டிக்கும் அப்பிடித்தான் போடுறோம்.” “வேண்டாம் தம்பி, ரிலே வெச்சே போட்டுக்கலாம்” என்றேன். அவர் வருத்தப்படவில்லை, மாறாக, வயரைக் கொண்டுபோகும் வழியை அவரே காட்டிக் கொடுத்தார். ஆயினும் அந்த டேப்பின் மேல் எனக்குள்ள வெறுப்பு தீரவில்லை. சித்திரை வெயிலில் அதன் பசை இளகி, ஓரம் வழுக்கி, சுற்று மெல்ல மெல்ல அவிழ்ந்துகொள்கிறது. அவிழ்ந்த இடத்தில் தூசி ஒட்டுகிறது. ஐப்பசி மழையில் அதே இடத்தில் நீர் புகுந்து செம்பில் பச்சைக் களிம்பு ஏறுகிறது. ஒலிக்காத ஹாரன், அணையாத இண்டிகேட்டர், காரணம் தெரியாமல் போகும் ஃபியூஸ் என்று நாம் ‘வயரிங் ப்ராப்ளம்’ என ஒரே பெயரிட்டு அழைக்கும் கோளாறுகளில் எத்தனையோ அந்தக் கறுப்பு முடிச்சுக்குள்தான் பிறக்கின்றன.

முறுக்குவதில் இன்னொரு விபரீதமும் உண்டு. என் துணை விளக்குகள் இரண்டும் சேர்ந்து 40 வாட். ஏறத்தாழ 3 ஆம்பியர் இழுப்பவை. அதை முன்விளக்கின் பாதையிலேயே ஏற்றினால், 4.5 ஆம்பியர் அளவுக்குச் சுமக்கும் சுவிட்சும் வயரும் அதற்கு மேலும் சுமக்கும்படி ஆகின்றன, சுவிட்ச் சூடேறுகிறது, வழியிலேயே மின்னழுத்தம் தேய்கிறது. இழை பல்பின் சுபாவம், மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் பிரகாசம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும் என்பது. வெளிச்சத்தைக் கூட்டப் போய், இருந்த வெளிச்சத்தையும் மங்கச் செய்துகொள்வதாக அது முடியும்.

இதற்கெல்லாம் பரிகாரம், தீப்பெட்டியளவுகூட இல்லாத ஒரு ரிலே. அதன் அடியில் 30, 85, 86, 87 என்று எண்கள் பொறித்த நான்கு கால்கள் இருக்கும். பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 7.5 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து அந்த வயரை 30-க்குக் கொடுக்க வேண்டும், 87-லிருந்து விளக்குகளுக்கு, 85-லிருந்து எர்த், 86-க்கு, சாவி திருப்பினால் மட்டும் உயிர்பெறும் ஒரு வயரிலிருந்து, சுவிட்ச் வழியாக. சுவிட்சில் ஓடுவது ரிலேயின் சுருளை எழுப்பும் அற்ப மின்சாரம்தான். கனத்த மின்சாரம் பேட்டரியிலிருந்து நேராக விளக்குக்குப் போகிறது. சாவியை எடுத்துவிட்டால் அனைத்தும் அணைந்துவிடும் என்பது சிறிய நன்மையன்று. ஏனெனில் ஹிமாலயனின் பேட்டரி 8 ஆம்பியர்-மணிதான், உதைத்துக் கிளப்புவதற்குக் கிக்கரும் கிடையாது. விளக்கை மறந்துவிட்டுத் தேநீர்க் கடையில் நெடுநேரம் பேசிக்கொண்டிருப்பவருக்குப் பிறகு வண்டியைத் தள்ளுவதைத் தவிர வேறு கதி இராது.

வயர் 1.5 சதுர மில்லிமீட்டர், மெல்லிய இழைகள் பல கொண்ட வாகன வயராக இருக்க வேண்டும். வீட்டு வயரிங்கில் மிஞ்சிய ஒற்றைக் கம்பி அதிர்வில் ஒடிந்துபோகும். ஈயம் வைத்துப் பற்றவைப்பதைவிட, முனைகளைக் கிரிம்ப் செய்து, ரப்பர் வளையம் உள்ள கப்ளரில் சேர்ப்பது மேல். ஈயம் ஏறிய இடம் விறைத்து, அதன் விளிம்பில் வயர் முறிகிறது. ஹேண்டிலில் இருக்கும் சுவிட்சுக்குப் போகும் வயரே இந்த வேலையில் மிக நுட்பமானது. விளக்குகள் அசையாத சட்டத்தில் இருக்க, ஹேண்டில் மட்டும் திரும்புவதால், மடிப்பு முழுவதும் அந்த ஒரு வயரின் மேல் விழுகிறது. டாங்குக்கு முன்னால் கையை விட்டு, ஹேண்டிலை இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை மெல்லத் திருப்பிப் பாருங்கள். வயர் எங்கே இழுபடுகிறது, எங்கே இரும்பில் உரசுகிறது என்று விரல் சொல்லிவிடும். அங்கே ஒரு வளைவு தளர்வாக விட்டு, உறை போட வேண்டும்.

நான் வாங்கிய விளக்குகள் நல்லவை. அந்தப் பெட்டியோடு வந்த சுவிட்சும் வயரும் அப்படியல்ல. வயரில் உறை மட்டும் பருமன், உள்ளே செம்பு சொற்பம். அதைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிட்டேன். சுவிட்ச், அச்சிறுபாக்கம் தாண்டி ஒரு பெருமழையில், உள்ளே நீர் புகுந்து செயலிழந்தது. ரிலேக்கு அப்பால் எதுவும் கெடவில்லை. முன்விளக்கு எப்போதும்போல் எரிந்தது. மேற்கொண்டு பயணம் தொடர்ந்தது. இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய் பெறும் விளக்கோடு, மழை தாங்காத சுவிட்சைப் பெட்டியில் போட்டு, ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று மேலே அச்சடித்து விற்பது நாணயமான வியாபாரம் ஆகாது. இரவில் அதை நம்பிச் செல்பவனின் உயிர் அந்த அச்செழுத்தில் தொங்குகிறது.

பூட்டியபின் விளக்கை இறக்கிக் குறிவைப்பது இன்னொரு கடமை. வீட்டெதிரே ஒரு சுவரில் வெளிச்சத்தை விழச் செய்து, அதன் மேல்விளிம்பு விளக்கின் உயரத்துக்குச் சற்றுக் கீழேயே நிற்கும்படி அமைக்க வேண்டும். பின்னிருக்கையில் ஆளும் கேரியரில் மூட்டையும் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும், ஏனெனில் சுமையில் பின்பக்கம் அமுங்கினால் முன்விளக்குகள் எல்லாம் வானத்தை நோக்கிவிடும். பீர்க்கன்கரணை ஏரியோரம் ஜி.எஸ்.டி. சாலையில் அந்தி சாய்ந்தபின் நடந்து செல்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: எதிரே வரும் வண்டிகளின் வெள்ளை வெளிச்சத்தில், சாலையைக் கடக்க நிற்கும் முதியவர்களுக்கு ஒன்றுமே தெரிவதில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வாகன மாற்றங்களைக் கட்டுப்படுத்துவதையும் நினைவில் வைப்பது நல்லது. சட்டம் இருக்கட்டும், எதிரில் வருபவனின் கண்ணைப் பறிக்க நமக்கு உரிமை இல்லை.

என் தீர்ப்பு இது: 411 ஹிமாலயன், தன் எஜமானனின் கைவேலையை மனமுவந்து ஏற்கும் அருமையான பிரயாண வண்டி, அதற்கு முதலில் வாங்க வேண்டியது பெட்டியும் பையும் அல்ல, ஒரு ரிலே, ஒரு ஃபியூஸ், நல்ல வயர், நான்கு கப்ளர்கள். விளக்கு அதற்குப் பிறகுதான். பூட்டியவர்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு: ஊர் திரும்பும்போது, பரனூர் சுங்கச்சாவடியிலேயே துணை விளக்குகளை அணைத்துவிடுங்கள்.