வலை 2.0, வலை 3.0: காரணப்பெயரா, இடுகுறிப்பெயரா?

ஆய்வுச்சுருக்கம்

இணைய வளர்ச்சியை வலை 1.0, வலை 2.0, வலை 3.0 எனப் பகுக்கும் வழக்கம் பாடநூல்களிலும் ஆய்வேடுகளிலும் நிலைபெற்று வருகிறது. இப்பெயர்கள் மெய்யான காலமாற்றத்தைச் சுட்டுகின்றனவா என்பதை, நன்னூல் கூறும் இடுகுறி, காரணம் என்னும் பெயர்ப் பகுப்பின் துணையுடன் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வலை 2.0, வலை 3.0, காலப்பகுப்பு, காரணப்பெயர், தமிழ் இணையம்.

முன்னுரை

சங்க காலம், சங்கம் மருவிய காலம் என்னும் பெயர்களை அக்காலப் புலவர் இட்டாரல்லர். பிற்கால இலக்கிய வரலாற்றாசிரியரே இட்டனர். அப்பெயர்கள் குறித்துக் கருத்து வேறுபாடு எழுந்தாலும், அவற்றைச் சோதித்தறிய நூல்கள் உள்ளன. இணையக் காலப்பெயர்களின் நிலை வேறு. அவை பெரும்பாலும் அந்தந்தக் காலத்திலேயே, அம்மாற்றத்தால் பயன்பெற விழைந்தோரால் இடப்பட்டவை. பறப்பதால் பறவை என்பது காரணப்பெயர். மரம் என்பது இடுகுறிப்பெயர். வலை 2.0 என்பது இவற்றுள் எவ்வகையினது என்பதே இங்கு எழும் வினா.

பதிப்பெண்ணும் வலையும்

2.0 என்பது மென்பொருளுக்கு இடப்படும் பதிப்பெண். மென்பொருளை வெளியிடுவோர் உண்டு. மாற்றங்களின் பட்டியலும் உண்டு. வலைக்கு அத்தகைய வெளியீட்டாளர் இல்லை. 1989இல் டிம் பெர்னர்ஸ் லீ முன்மொழிந்த வலையை, எவரும் உரிமத்தொகையின்றிப் பயன்படுத்தலாம் என 1993 ஏப்ரலில் செர்ன் ஆய்வகம் அறிவித்தது. வலையின் நெறிமுறைகளுக்கோ தனிப் பதிப்பெண்கள் உள்ளன. எச்டிடிபி 1.1 வரையறை 1997இல் வெளிவந்தது. அடுத்த பெரும்பதிப்பாகிய எச்டிடிபி 2 வெளிவந்தது 2015இல். வலை 2.0 எனப் போற்றப்பட்ட காலம் முழுவதும் நெறிமுறையின் ஒரே பதிப்புக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே இப்பதிப்பெண் உருவகமேயன்றித் தொழில்நுட்ப உண்மை அன்று.

வலை 2.0: பிந்திவந்த பெயர்

இத்தொடரை 1999இல் டார்சி டினூச்சி கையாண்டார். 2004இல் சான் பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற மாநாடும், 2005இல் டிம் ஓ'ரெய்லி எழுதிய கட்டுரையும் அதனைப் பரப்பின. பயனர் பங்கேற்பே இதன் தலையாய இயல்பு என்பர். ஆனால் எவரும் திருத்தக்கூடிய விக்கியை வார்டு கன்னிங்காம் 1995இலேயே உருவாக்கினார். பெர்னர்ஸ் லீயின் முதல் உலாவியே பக்கங்களைத் தொகுக்கும் கருவியாகவும் இருந்தது. 2005இல் அஜாக்ஸ் எனப் பெயர்பெற்ற நுட்பத்தின் அடிப்படைக்கூறு 1999இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5இல் இடம்பெற்றுவிட்டது.

எனினும் இப்பெயர் முற்றிலும் பொருளற்றது எனல் மிகை. ஓ'ரெய்லியின் கட்டுரை, இணைய நிறுவனங்களின் பங்குச்சந்தை வீழ்ச்சியையே திருப்புமுனையாகக் கொண்டு தொடங்குகிறது. வீழ்ச்சிக்குப் பின்னும் நிலைத்தவை, பயனர் இலவசமாகத் தரும் உள்ளடக்கத்தைத் தம் மூலதனமாக்கிய நிறுவனங்கள். எனவே வலை 2.0 என்பதற்குக் காரணம் உண்டு. அது பொருளாதாரக் காரணம். தொழில்நுட்பக் காரணம்போல் அது வழங்கியதே பிழை.

2006இல் நிகழ்ந்த ஒன்று இதனைத் தெளிவாக்கும். மாநாட்டை இணைந்து நடத்திய நிறுவனம் இப்பெயரைச் சேவைக்குறியாக உரிமைகோரி, அதே பெயரில் மாநாடு கூட்ட முனைந்த அயர்லாந்து அமைப்பு ஒன்றிற்கு எச்சரிக்கை மடல் அனுப்பியது. ஒருவரது உடைமையாகக் கோரப்படும் பெயர் வணிகப்பெயராகலாம். வரலாற்றுக் காலத்தின் பெயராதல் அரிது.

வலை 3.0: முந்திவந்த பெயர்

2006 அளவில் வலை 3.0 என்பது, தரவின் பொருளைக் கணினியும் உணரத்தக்க பொருளுணர் வலையைக் குறித்தது. 2014இல் கேவின் வுட் முன்வைத்த வெப்3 கருத்தாக்கமோ தொடரேட்டு நுட்பத்தின்வழி அதிகாரத்தைப் பரவலாக்குவது பற்றியது. முன்னது பொருள் உணர்தல் பற்றியது; பின்னது உடைமை பற்றியது. இவ்விரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே பெயர் வழங்குகிறது. மேலும், பரவலாக்கம் என முழங்கிய பல செயலிகள் சில நிறுவனங்களின் வழங்கிகள் வாயிலாகவே தொடரேட்டை அணுகுகின்றன என மாக்சி மார்லின்ஸ்பைக் 2022இல் சுட்டினார். வலை 2.0 நிகழ்ந்தவற்றைப் பின்னோக்கித் தொகுத்த பெயர்; வெப்3 நிகழவேண்டியதை முன்னோக்கி விற்ற பெயர்.

தமிழ் இணையமும் இப்பகுப்பும்

வலை 1.0 படிப்போர்க்கு மட்டுமேயானது என்னும் வரையறையை ஏற்பின், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தை எங்கே வைப்பது? பல நாட்டுத் தன்னார்வலர் கூடித் தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு வலையேற்றிய அப்பணி, முழுமையான பங்கேற்பன்றோ? தமிழ் விக்கிப்பீடியாவும் 2003இலேயே தோன்றிவிட்டது.

தமிழ் இணையத்தின் மெய்யான எல்லைக்கோடு எழுத்துக்குறியாக்கமே. ஓர் எழுத்துருவில் எழுதியது மற்றொன்றில் படிக்கவியலாத நிலை நிலவியது. சென்னையில் கூடிய தமிழிணையம் 99 மாநாடு, டாம், டாப் ஆகிய தரங்கள், டிஸ்கி, பின்னர் ஒருங்குறி, 2010இல் அதனை ஏற்ற தமிழ்நாடு அரசின் ஆணை என அவ்வரலாறு விரிகிறது. தேடுபொறியில் தமிழ்ச்சொல்லை இட்டுத் தேடுதல் பரவலாக இயன்றது ஒருங்குறியால்தான். கடன்பெற்ற பதிப்பெண்களில் இப்பெருமாற்றத்திற்கு இடமே இல்லை.

முடிவுரை

வலை 2.0 காரணமுடைய பெயர். ஆயின் அது சொல்லிக்கொள்ளும் காரணம் வேறு, உண்மைக் காரணம் வேறு. வெப்3 காரணத்தை எதிர்காலத்திடம் கடன்கேட்கும் பெயர். ஒரு காலப்பெயரை ஏற்குமுன், அதனை இட்டவர் யார், அவர்க்கு அதனால் விளையும் பயன் யாது, எச்சான்று கிடைப்பின் அப்பெயர் பொய்யாகும் என்னும் மூன்றையும் ஆய்வாளர் வினவுதல் வேண்டும். தமிழ் இணைய வரலாறு, பிறர் சந்தையில் இட்ட எண்களைவிடத் தன் எழுத்து கடந்துவந்த படிகளைக் கொண்டே பகுக்கப்படுதல் தகும்.