நோன்பும் ரசனையும்

துயரத்தைச் சொல்லும் பாட்டைக் கேட்டுச் சந்தோஷப்படலாமா? தவக்காலம் வந்துவிட்டால் என் கிறிஸ்தவ நண்பர்களின் வீடுகளில் இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் எழுகிறது. நாற்பது நாள் நோன்பு. பல வீடுகளில் இறைச்சி இல்லை, கல்யாணம் வைப்பதில்லை. இந்த நாட்களில் நல்ல சங்கீதத்தையும் நல்ல சினிமாவையும் மட்டும் அனுபவிக்கலாமா என்று கேட்கிறார்கள். நான் அந்த மதத்தைச் சேர்ந்தவன் அல்ல. ஆனாலும் கதை எழுதிப் பிழைக்கிறவன். பிறர் துன்பத்தை எழுதி வாசகரை மகிழ்விப்பதுதானே என் தொழில்! ஆகவே கேள்வி என்னையும் சுடுகிறது.

இது புதிய கேள்வியும் அல்ல. ஏறக்குறைய 1,600 வருஷங்களுக்கு முன் புனித அகுஸ்தீன் தம் வாழ்க்கையைப் பற்றி எழுதிய நூலில் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். பாட்டின் பொருளைவிடப் பாடும் குரல் தம்மை அதிகமாக உருக்கிவிட்டால், தாம் பாவம் செய்ததாகவே எண்ணுவதாகச் சொல்கிறார். உடனேயே, ஆலயத்துப் பாட்டைக் கேட்டுத் தாம் சிந்திய கண்ணீரையும் நினைத்துக்கொள்கிறார். பாட்டை விலக்கவும் அவருக்கு மனசு வரவில்லை. எந்தப் பக்கமும் சாயாமல் ஆடிக்கொண்டே இருக்கிற தராசு அது.

திருச்சபை இந்தத் தராசுக்கு ஒரு வழி கண்டிருக்கிறது. கத்தோலிக்க ஆலயங்களில் தவக்காலம் முடியும்வரை ‘அல்லேலூயா’ பாடுவதில்லை. ஆர்கன் வாத்தியம் பாடுகிறவர்களுக்குத் துணை போகலாமே தவிரத் தனித்து ஒலிக்கக் கூடாது. நாலாவது ஞாயிறு போன்ற சில நாட்களில் மட்டும் தளர்வு உண்டு. சங்கீதத்தை ஒழிக்கவில்லை, அதையும் நோன்பிருக்கச் செய்திருக்கிறார்கள். நமக்கு இது விளங்காத விஷயமா என்ன? மார்கழியில் நாம் கல்யாணம் செய்வதில்லை. ஆனால் விடியற்காலைத் திருப்பாவையும் திருவெம்பாவையும் அந்த மாதத்துக்கு உரியவை. சென்னையின் சங்கீத சீஸனும் அப்போதுதான். ஒரு வாசலை அடைத்தால் இன்னொன்று தானே திறந்துகொள்ளும் போலிருக்கிறது.

லைப்சிக் நகரத்தில் பாக் கண்டதும் இதுவே. அங்கே லூத்தரன் ஆலயங்களில் தவக்காலத்தின்போது வாத்தியங்களோடு கூடிய பெரிய இசை கிடையாது. மரியாளுக்கு வானதூதர் சேதி சொன்ன திருநாள் மட்டும் விலக்கு. மற்ற மாதங்களில் ஞாயிறுதோறும் இசை அமைத்து ஓய்ந்த மனிதருக்கு இந்த மௌன வாரங்கள் அவகாசம் தந்தன. 1727 ஏப்ரல் 11, பெரிய வெள்ளி மாலை, புனித தோமா ஆலயத்தில் இரண்டு கோரஸும் இரண்டு வாத்தியக் குழுவுமாக ‘மத்தேயு பாஷன்’ ஒலித்தது. பல வாரம் பட்டினி கிடந்த காதுகள் அதைக் கேட்டன.

அந்தப் படைப்புக்குள்ளும் ஒரு நோன்பு இருக்கிறது. இயேசு பேசும் இடமெல்லாம் நரம்பு வாத்தியங்கள் ஒளிவட்டம்போல அவர் குரலைச் சூழ்ந்து நிற்கும். சிலுவையில் தெய்வமே தம்மைக் கைவிட்டதாகக் கதறும் இடத்தில் மட்டும் அவை ஓய்ந்துவிடுகின்றன. எதைச் சேர்த்தாலும் வராத சோகம், ஒன்றை எடுத்துவிட்டதனால் வந்துவிடுகிறது. இன்னோர் இடம்: காட்டிக்கொடுக்கப் போவது தாம்தானா என்று சீடர்கள் பதறிக் கேட்கும்போது, ஆண்டவரை விளிக்கும் சொல் பதினொரு தடவை வருகிறது. பன்னிரண்டாமவனான யூதாஸ் அந்தக் கூட்டத்தில் சேரவில்லை. அடுத்த கணமே, சபையார் அறிந்த ஒரு பழைய கீர்த்தனையின் மெட்டு எழுந்து, குற்றத்தைப் பாடுகிறவன் தலையிலேயே சுமத்துகிறது. ரசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் எழுந்து நின்று பதில் சொல்லவேண்டியதாகிறது. இதைக் கேளிக்கை என்று யார் சொல்வார்கள்?

பாக்கின் குடும்பத்தையும் நினைத்துப் பார்க்கவேண்டும். 1720-இல் தம் பிரபுவுடன் வெளியூர் போய்த் திரும்பியபோது, முதல் மனைவி இறந்து அடக்கமும் ஆகியிருந்தது. இரண்டு மனைவியரிடம் பிறந்த இருபது குழந்தைகளில் வளர்ந்து ஆளானவர்கள் பத்துப் பேர். 1726 ஜூன் கடைசியில் மூன்று வயதுப் பெண் ஒருத்தி போனாள். அடுத்த ஏப்ரலில் ‘பாஷன்’. இதனால் அது பிறந்தது என்று முடிச்சுப் போடுவது நாவலாசிரியர்களின் கெட்ட பழக்கம். நான் போட மாட்டேன். ஆனால் சாவு என்பது அந்த வீட்டில் வேதபுஸ்தகத்துச் சமாசாரமாக மட்டும் இல்லை. பாடகியான இரண்டாம் மனைவி அன்னா மக்தலேனா, சமையலுக்கும் தொட்டிலுக்கும் நடுவே கணவரின் இசையைக் கைப்படப் பிரதி எடுத்தவர். அந்த இசைக்குக் குடும்பம் இடைஞ்சலாக இருக்கவில்லை. பட்டறையே குடும்பம்தான்.

சினிமாவுக்கு வருவோம். 1965-இல் வெளிவந்த ‘தி கிரேட்டஸ்ட் ஸ்டோரி எவர் டோல்ட்’ என்ற ஹாலிவுட் படம், முதலில் திரையிட்டபோது மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடியது. அகன்ற திரை, பிரம்மாண்டமான நிலக்காட்சி, மூலைக்கு மூலை நட்சத்திரங்கள். சிலுவையடியில் ரோமானியச் சிப்பாயாக நிற்பவர் ஜான் வேய்ன். அந்த முகத்தைக் கண்டதும் நமக்குக் குதிரையும் துப்பாக்கியும் ஞாபகம் வருகின்றன. கல்வாரி மறைந்துவிடுகிறது. விருந்தை மேஜை நிறையப் பரப்பி வைத்துக்கொண்டு உபவாசத்தைப் பற்றிப் பேசுவது போன்ற படம் என்பது என் அபிப்பிராயம்.

அதற்கு ஒரு வருஷம் முந்தி, 1964-இல், இத்தாலியில் பசோலினி ‘மத்தேயு எழுதிய நற்செய்தி’யைப் படமாக்கினார். அவர் கம்யூனிஸ்டு, கடவுள் நம்பிக்கை இல்லாதவர். ஆனாலும் படத்தைப் போப் இருபத்துமூன்றாம் அருளப்பரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். கறுப்பு வெள்ளைப் படம். இயேசுவாக வருபவர், அதுவரை நடித்தே அறியாத ஒரு ஸ்பானிய மாணவர். தென் இத்தாலியின் மத்தேராவில் இருக்கும் வறண்ட குகை வீடுகளே எருசலேம். வசனம் மத்தேயுவினுடையது. இசையில் பாக்கின் ‘பாஷன்’ உண்டு; ஆப்பிரிக்கக் கொங்கோவின் ‘மிஸா லூபா’வும் உண்டு. வேண்டாதவற்றை எல்லாம் விலக்கிவிட்டபின் மிஞ்சுவது மனித முகங்கள். நோன்பு என்ற சொல்லை விமரிசனத்தில் பயன்படுத்தலாம் என்றால், இது நோன்பிருந்து எடுத்த படம்.

வயது முதிர்ந்த மரியாளாக நடித்தவர் பசோலினியின் தாய் சூசன்னா. இவருடைய இளைய மகன் குய்தோ 1945 பிப்ரவரியில், யுத்தம் முடியும் தறுவாயில், கொல்லப்பட்டவன். மகனைப் பறிகொடுத்த தாயை, உயிரோடிருந்த மகன் சிலுவையடிக்கு அழைத்துப் போயிருக்கிறான். இது கொடுமையா, பக்தியா? எனக்கு இன்றும் தீர்மானமாகச் சொல்ல வரவில்லை. 1975-இல் அந்த மகனும் கொலையுண்டான். அதற்குப் பிறகும் தாய் உயிரோடிருந்தார்.

இந்தப் படத்தை எங்கள் வீட்டில் ஒரு தவக்காலத்தில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். சிலுவைக் காட்சியில் என் தாயார் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். சற்று நேரம் கழித்து வந்து, “அந்தம்மா யாருடா?” என்று மட்டும் கேட்டார். சொன்னேன். பதில் பேசாமல் கடைசிவரை பார்த்தார். அதற்கு முன் நான் அந்தப் படத்தைத் தனியாகப் பலமுறை பார்த்திருந்தேன். ஒளியையும் நிழலையும் வியந்திருந்தேன். அம்மா பக்கத்தில் இருந்ததால்தான் அந்த முகத்தை முகமாகப் பார்த்தேன்.

ஆகவே நண்பர்களுக்கு என் பதில் இது: தாராளமாகக் கேளுங்கள், பாருங்கள். ஆனால் தவக்காலத்தில் எதைக் கேட்பது என்பதற்கு ஓர் அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படைப்பு தானும் எதையாவது துறந்திருக்கிறதா? நம்மிடமிருந்தும் எதையாவது கேட்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் அது நோன்பைக் கெடுக்காது. முடிந்தால் வீட்டாரோடு சேர்ந்து அனுபவியுங்கள். தனி ரசிகனுக்குத் தப்பிவிடுவது பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பட்டுவிடும்.

தராசோடு நின்ற அகுஸ்தீனும் வேறோர் இடத்தில் எழுதியிருக்கிறார். 387-இல் தாய் மோனிக்காவை அடக்கம் செய்தபோது அவருக்கு அழுகை வரவில்லை. அடக்கி வைத்திருந்தார். தூங்கி எழுந்து, தனியே படுக்கையில் கிடந்தபோது, ஆம்புரோஸ் இயற்றிய ஒரு கீர்த்தனை ஞாபகம் வந்தது. அதன் பிறகே கண்ணீர் வழிந்தது. அந்தச் சமயத்தில் அவர் பாட்டையும் பொருளையும் தனித்தனியாக நிறுத்துப் பார்க்கவில்லை.