புலிகேசியின் பேனாவும் திண்டுக்கல் பொட்டலும்

தமிழில் வெஸ்டர்ன் என்ற வகை 2023 தீபாவளிக்குத்தான் பிறந்தது என்று ஒரு பேச்சு பரவியிருக்கிறது. கார்த்திக் சுப்பராஜின் 'ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்' வந்த பிறகு எழுதப்பட்ட பல கட்டுரைகள் இதை ஏறக்குறைய தீர்ப்பாகவே சொல்கின்றன. அதற்கு முன்பு வந்தவை தொப்பி மாட்டிய விளையாட்டுகளாம், பகடிகளாம், கணக்கில் சேராதவையாம். எங்கள் மாவட்டத்துக் கொடைக்கானல் மலைப்பக்கம் படமான அந்தப் படத்தின் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் அதன் நாயகன் லாரன்ஸ் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே இன்னொரு தமிழ் வெஸ்டர்னில் குதிரை ஏறியவர். 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' 2010 மே மாதம் வெளியானது. எழுதி இயக்கியவர் சிம்புதேவன், ஆனந்த விகடனில் கார்ட்டூன் போட்டுக்கொண்டிருந்தவர். அவரை விட்டுவிட்டு எழுதப்படும் எந்த வரலாறும் தவறான வரலாறு.

வெஸ்டர்ன் அமெரிக்கர்களுக்கு மட்டும் பட்டா போட்ட நிலம் அல்ல. 'வின்னெட்டு' எழுதிய ஜெர்மானியர் கார்ல் மே, அதை எழுதும்போது அமெரிக்க மண்ணை மிதித்ததே இல்லை. டெக்ஸ் வில்லர் 1948இல் இத்தாலியில் போனெல்லியும் கலெப்பினியும் உருவாக்கிய ஆள். லக்கி லூக்கை 1946இல் வரைந்த மோரிஸ் பெல்ஜியக்காரர். 1955 முதல் அவருக்குக் கதை எழுதிக் கொடுத்த கொசினி பிரெஞ்சுக்காரர். செர்ஜியோ லியோனி 1964இல் எடுத்த படத்தின் கதை குரோசாவாவின் ஜப்பானிய சாமுராயிடமிருந்து வந்தது. ஆக, காமிக்ஸ் எழுதியவர்களும் அந்நியர்களும் சேர்ந்து வளர்த்த வகை இது.

நம் பக்கம் 1972 முக்கியமான ஆண்டு. சிவகாசியில் முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கியது அந்த ஜனவரியில். ஜெய்சங்கரை வைத்து கர்ணன் எடுத்த 'கங்கா', 'ஜக்கம்மா' இரண்டும் வந்தது அதே ஆண்டில். கர்ணன் ஒளிப்பதிவாளர். குதிரை ஓடும் தூரமும் புழுதி எழும் உயரமும் அவர் கண்ணுக்கு அத்துப்படி. கதைதான் அந்தப் படங்களில் மெலிந்து கிடக்கும். தெலுங்கில் கிருஷ்ணா நடித்து 1971இல் வந்த படம் 'மோசக்காரனுக்கு மோசக்காரன்' என்று நம் கொட்டகைகளில் ஓடியது. தேவர் பிலிம்ஸ் 1978இல் ரஜினிக்கும் தொப்பி மாட்டிப் பார்த்தது. இவை எல்லாம் சேர்ந்தும் செய்யாத வேலையை 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸ் செய்தது. கேப்டன் டைகரின் 'தங்கக் கல்லறை'யையும், இரவுக் கழுகார் என்று பெயர் பெற்ற டெக்ஸ் வில்லரின் சாகசங்களையும், சிக் பில் கதைகளில் ஷெரீப் டாக்புல் படும் பாட்டையும் பேருந்து நிலையக் கடைகளில் வாங்கிப் படித்து வளர்ந்த ஒரு தலைமுறை உண்டு. அரிசோனாவின் சட்டமும் சாதுரியமும் அவர்களுக்குத் தமிழிலேயே பழக்கம். தமிழ் வெஸ்டர்னின் தாய்மடி சிவகாசி அச்சகம்தான்.

இன்னொரு கிளை கார்ட்டூன். பாரதி 'இந்தியா' பத்திரிகையில் தொடங்கிவைத்தது, மாலி, கோபுலு, மதன் என்று விகடன் வழியாக வந்தது. வாசகர்களுக்கு இந்த வரிசை தெரியும். இந்த வரிசையில் வந்த சிம்புதேவன் சேரனிடம் உதவி இயக்குநராக இருந்துவிட்டு, 2006இல் 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி' எடுத்தார். வடிவேலுவின் வெற்றியாகவே அந்தப் படம் நினைக்கப்படுகிறது. அது எழுத்தின் வெற்றியும்தான். சாதிச் சண்டைக்கென்று மன்னர் ஒரு மைதானம் திறந்துவைக்கிறாரே, அதைப் போல ஒரு காட்சி அதற்கு முன்போ பின்போ தமிழ் நகைச்சுவையில் வந்ததாக எனக்கு நினைவில்லை. வெளிநாட்டுக் குளிர்பானத்தை 'அக்கமாலா'வாக்கி அரண்மனைக்குள் விற்க விடும் காட்சியும் அப்படித்தான். ஒரே கட்டம், ஒரே வாசகம், அதற்குள் ஒரு சமூகத்தின் முழு அவலம். பத்திரிகைக் கார்ட்டூனில் கை பழகியவனுக்கு மட்டும் வசப்படும் சிக்கனம் அது. 2008இல் வந்த 'அறை எண் 305ல் கடவுள்' இதைவிட மென்மையானது, இதைவிடப் பலவீனமானதும்கூட.

பிறகு வந்தது இரும்புக்கோட்டை. தலைப்பிலேயே சிவகாசி மை மணக்கிறது. ஊரின் பெயர் ஜெய்சங்கர்புரம். முன்னோடிக்கு இதைவிட நல்ல காணிக்கை இருக்க முடியாது. அந்த ஊரை அடக்கி ஆள்வது உசாபுரம். ஆங்கில எழுத்தில் அந்தப் பெயரை மனதுக்குள் எழுதிப் பார்த்தாலே குத்து புரிந்துவிடும். காணாமல் போன வீரனுக்குப் பதிலாக, அவனைப் போலவே இருக்கும் ஒரு சாதாரண ஆளை ஊரார் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். நாசரின் கொடுங்கோலன் ஒற்றைக்கண் வில்லன்களின் பரம்பரை. புதையல், வரைபடம், பழங்குடிகள் எல்லாம் உண்டு. வெறும் கிண்டல் என்று இதைத் தள்ளுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. வல்லரசுக்கு அடிபணியும் சிற்றூரின் கதையை, வல்லரசின் சொந்தப் புராண வடிவத்தை எடுத்தே சொல்லிக்காட்டியிருக்கிறார் சிம்புதேவன். 'குவிக் கன் முருகன்' 2009இல் தமிழனின் உச்சரிப்பையும் மீசையையும் வெளியே நின்று பார்த்துச் சிரித்தது. இரும்புக்கோட்டையின் சிரிப்பு ஊருக்குள்ளிருந்து எழுகிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது விமர்சனச் சோம்பல்.

ஆனாலும் அந்தப் படத்தின் மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு, பதினைந்து ஆண்டாகத் தீராத கோபம். சாதிச் சண்டை மைதானத்தைக் கட்டிய அதே பேனா, ஜெய்சங்கர்புரத்தில் சாதியை மறந்துவிட்டது. பலகைக் கட்டடங்கள், மதுக்கடை, தூக்குமேடை எல்லாம் ஒழுங்காக வந்து இறங்கின. நம் ஊர்க் குளத்தங்கரையும் காவல் தெய்வமும் வந்து சேரவில்லை. காமிக்ஸ் வாசகனாகச் சிம்புதேவன் ஜெயித்த இடத்தில் கார்ட்டூன்காரராகத் தோற்றார். அதன் பிறகு 2015இல் 'புலி' என்ற பெரிய நட்சத்திரப் படம் அவருடைய பேனாவை முழுதாக விழுங்கியது. 2021இல் 'கசட தபற', 2024இல் 'போட்' என்று அவர் மீண்டு வந்துகொண்டிருப்பதைப் பார்க்கிறேன். ஆனால் குதிரைப் பக்கம் திரும்பவில்லை.

திரும்பினால் அவருக்கோ அவர் வழியில் வருபவருக்கோ நிலம் இங்கே கிடக்கிறது. 1605 வாக்கில் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் கட்டத் தொடங்கிய மலைக்கோட்டை, திண்டுக்கல் ஊருக்கு நடுவே மொட்டைப் பாறைமேல் நிற்கிறது. 1755இல் ஹைதர் அலி பௌஜ்தாராக வந்து உட்கார்ந்த ஊர். விருப்பாட்சி கோபால் நாயக்கரை 1801இல் வெள்ளையர் தூக்கிலிட்ட ஊர். 1875இல் திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில் இதன் வழியாகப் போனது. பேகம்பூர்ப் பக்கம் தோல் ஷாப்புகள். லியோனி படங்களில் ஈஸ்ட்வுட் வாயோரம் கடித்துக்கொண்டிருந்த மாதிரி ஒரு சுருட்டை உலகுக்கு அனுப்பிய ஊர்களில் இதுவும் ஒன்று. ஸ்பென்சர் கம்பெனி இங்கே சுருட்டுத் தொழிற்சாலையே வைத்திருந்தது. வேடசந்தூரில் இன்றும் புகையிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு, பணப்பெட்டிக்காகவும் கொள்ளைக்காரனுக்காகவும் செய்யப்பட்ட கருவி. வியாழக்கிழமை அய்யலூர் ஆட்டுச் சந்தையில் விடியுமுன் நின்றால், மந்தையும் ரொக்கமும் கைமாறும் வேகம் எந்தக் காமிக்ஸுக்கும் குறைந்ததல்ல.

இவை எல்லாம் அலங்காரம் என்று சொன்னாலும் 1896ஐ அப்படி ஒதுக்க முடியாது. மாடு திருடு போனால் துப்புக்கூலி கொடுத்து மீட்பதும், ஊருக்குக் காவல் கூலி கட்டுவதும் அன்றைய ஏற்பாடு. அதை எதிர்த்துத் திண்டுக்கல் பக்கம் மேய்ச்சல்காரர்களிடையே ஓர் இயக்கம் எழுந்தது. அம்மையப்பக் கோனார் என்பவர் அதைத் தொடங்கிவைத்தார் என்கின்றன காலனியப் பதிவுகள். ஊர் ஊராகப் பொதுநிதி சேர்த்தார்கள், திருடுபோன மாட்டுக்கு அந்த நிதியிலிருந்து ஈடு கொடுத்தார்கள், காவல்காரர்களை வெளியேற்றினார்கள். வீடுகள் எரிந்தன. காவல் வேலை பார்த்த கள்ளர் குடும்பங்கள் ஊரை விட்டு ஓடின. அடுத்து சர்க்கார் நுழைந்தது. குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு நீண்டது, ஒரு சமூகம் முழுவதும் கைரேகை வைக்க அழைக்கப்பட்டது, மறுத்தவர்கள் மேல் 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் போலீஸ் துப்பாக்கி வெடித்தது. இதில் யார் ஷெரீப், யார் கொள்ளையன்? மேய்ப்பனுக்கும் நியாயம் இருக்கிறது, காவல்காரனுக்கும் இருக்கிறது. அநியாயமும் இருவரிடமும் இருக்கிறது. லாபம் மட்டும் மூன்றாமவனுக்குப் போனது. லியோனி தேடிய மூன்று பேர் இங்கே உண்மையிலேயே நின்றிருக்கிறார்கள்.

இதைக் கனமான முகத்தோடு, மெதுவான நடையில் படமாக்க இன்று பலர் தயாராக இருப்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. ரத்தமும் இசையும் ஏறிவிட்டால் ஏதாவது ஒரு சாதி வீரனாகிவிடும், தியேட்டர் வாசலில் பிளக்ஸ் எழும்பும். எந்தப் பக்கத்தையும் பீடத்தில் ஏற்றாமல் மூன்று பக்கத்தையும் ஒரே கட்டத்துக்குள் வரைந்துகாட்ட, சாதிச் சண்டைக்கு மைதானம் கட்டிய அந்தப் பேனாவால்தான் முடியும். நாவலாகவே முதலில் எழுதப்படட்டும், படக்கதையாகவும் இருக்கட்டும். டெக்ஸ் வில்லரை உருவாக்கிய தேசமும் டெக்சாஸிலிருந்து தொலைவில்தான் இருந்தது.

காமிக்ஸ் படித்து வளர்ந்து இப்போது எழுதிக்கொண்டிருக்கும் நண்பர்களுக்குச் சொல்கிறேன்: டெக்சாஸ் வரைபடத்தைக் கொஞ்சநாள் மூடிவையுங்கள். பிரான்சிஸ் 1906இல் எழுதிய மதுரை கெசட்டியரையும் தர்ஸ்டனின் தொகுதிகளையும் எடுங்கள், வெள்ளைக்கார அதிகாரியின் கண்ணை நம்பாமல் படியுங்கள். பிறகு நத்தத்துக்கும் வேடசந்தூருக்கும் போய், அந்தக் கதைகளை இன்னும் வைத்திருக்கும் இரண்டு தரப்புக் கிழவர்களிடமும் உட்கார்ந்து கேளுங்கள். அவர்களுக்கு வயதாகிறது, சீக்கிரம் போங்கள்.