இடையறா நரகம்: ஹொங்கொங் திரைப்படம் ஒன்று பற்றிய நோக்கு

குற்றக் கும்பல்களையும் பொலிசாரையும் பொருளாகக் கொண்ட திரைப்படங்கள் வெறும் பொழுதுபோக்குச் சரக்குகளே என்ற எண்ணம் கலை இலக்கிய ஆர்வலரிடையே பரவலாக உண்டு. துப்பாக்கிச் சூடும் துரத்தலும் பழிவாங்கலும் மலிந்த பெரும்பாலான படங்களைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் தவறானதன்று. ஆயினும், வணிகச் சினிமாவின் வாய்பாட்டுக்குள் நின்றுகொண்டே மனித இருப்புப் பற்றிய ஆழமான வினாக்களை எழுப்பும் படைப்புகள் இடையிடையே தோன்றுவதுண்டு. 2002ஆம் ஆண்டு ஹொங்கொங்கில் வெளிவந்த ‘இன்பேர்ணல் அஃபெயர்ஸ்’ அத்தகையது. அன்ட்ரூ லௌ, அலன் மக் ஆகிய இருவரும் இதனை நெறிப்படுத்தினர். திரைக்கதையை அலன் மக்கும் பீலிக்ஸ் சொங்கும் எழுதினர்.

கதையின் கட்டமைப்பு எளிமையானது. பொலிஸ் பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளியேற்றப்பட்டவன் என்ற போர்வையில் சான் என்னும் இளைஞன் குற்றக் கும்பலொன்றினுள் வேவுகாரனாக அனுப்பப்படுகிறான். அதே கும்பலின் தலைவனான சாம், லௌ என்னும் இளைஞனைப் பொலிஸ் படைக்குள் தன் கையாளாகச் சேர்த்து விடுகிறான். ஏறத்தாழப் பத்து ஆண்டுகளின் பின், தம்முள் ஒளிந்திருக்கும் ஒற்றனைக் கண்டுபிடிக்குமாறு இரு தரப்பினரும் முயல்கின்றனர். லௌவிடம் ஒப்படைக்கப்படும் பணி தன்னைத் தானே தேடும் பணியாகி விடுகிறது.

இவ்வகைக் கதை ஹொங்கொங் சினிமாவுக்குப் புதிதன்று. 1987இல் ரிங்கோ லாம் நெறிப்படுத்திய ‘சிற்றி ஒன் ஃபயர்’, 1992இல் ஜோன் வூ நெறிப்படுத்திய ‘ஹார்ட் பொயில்ட்’ ஆகியவற்றிலும் வேவுப் பொலிஸ்காரனின் மனப்போராட்டம் இடம்பெற்றது. அங்கு போராட்டம் பெரிதும் விசுவாசம் பற்றியது: உடனுண்டு உடன்வாழ்ந்த குற்றவாளி நண்பனைக் காட்டிக்கொடுப்பதா என்பதே வினா. இங்கோ வினா வேறாகிறது. ஒரு மனிதன் யார் என்பதை எது நிர்ணயிக்கிறது? அவனது நெஞ்சமா, செயலா, அன்றி அவனைப் பற்றிய பதிவேடா?

சான் உண்மையில் பொலிஸ்காரன் என்பதை அறிந்தவர் இருவரே. அவர்களுள் ஒருவர் இறந்தபின், எஞ்சியவர் மேலதிகாரி வொங் மட்டுமே. அவரும் கட்டடத்தின் உச்சியிலிருந்து வீசிக் கொல்லப்படும்போது, சானின் உண்மையான பெயர் ஒரு கணனிக் கோப்பினுள் மாத்திரமே எஞ்சுகிறது. அக்கோப்பை லௌ அழித்து விடுகிறான். நேர்மையான ஒருவனின் முழு வாழ்வும் ஒரு விரலசைவில் இல்லாமற் போகிறது. கத்தியும் துப்பாக்கியும் செய்யமுடியாத கொலை இது. படத்தின் மிகப் பயங்கரமான வன்முறை இரத்தம் சிந்தாத இக்காட்சியிலேயே உள்ளது எனலாம்.

திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம் ஒற்றரை அரசனுக்குக் கண்ணாகக் கொள்கிறது. அவர்களை எவ்வாறு ஆள்வது, அவர்கள் கொணரும் செய்தியை எவ்வாறு சரிபார்ப்பது என்று ஆராய்கிறது. அது அரசின் நிலைநின்று நோக்குவது; பொருட்பாலுக்கு அதுவே பொருத்தம். ஆனால், கண்ணாகப் பயன்பட்ட மனிதனுக்கு ஈற்றில் என்ன நேர்கிறது என்பது அங்கு எழாத வினா. இத்திரைப்படம் அவ்வினாவிலேயே தொடங்குகிறது.

நெறியாளர்கள் இதனைச் சொற்பொழிவாக்கவில்லை. காட்சிகளின் ஒப்புமையால் உணர்த்துகின்றனர். தன்னை அறிந்த அதிகாரியின் சவ ஊர்வலம் செல்கையில் சான் தெருவோரத்தில் மறைந்து நின்று வணக்கம் செலுத்துகிறான். ஈற்றில் சானின் கல்லறையின் முன் லௌ சீருடையுடன் பகிரங்கமாக வணக்கம் செலுத்துகிறான். உண்மையான வணக்கம் மறைவில் நிகழ, பொய்யான வணக்கம் அரங்கேறுகிறது. ரொனி லியுங்கின் களைத்த கண்களும், அன்டி லௌவின் குறையற்ற ஒழுங்கும் இம்முரணைத் தாங்கி நிற்கின்றன.

படத்தின் சீனப் பெயர் பௌத்த மரபில் இடைவிடாத துன்பம் நிறைந்ததாகக் கூறப்படும் அவீசி நரகத்தைச் சுட்டுவது. இப்பெயர் வெறும் அலங்காரமன்று. சான் இறக்கிறான், அவனது துன்பம் முடிகிறது. தன் தலைவனையும் கொன்று, இனி நல்லவனாக வாழ விரும்பும் லௌவோ உயிருடன் எஞ்சுகிறான். அவன் தண்டிக்கப்படவில்லை என்பதே அவனுக்குரிய தண்டனை.

2006இல் மாட்டின் ஸ்கோசேசி இக்கதையை அமெரிக்காவின் பொஸ்ரன் நகருக்கு இடம்பெயர்த்து, ‘த டிப்பார்ட்டட்’ என்னும் பெயரில் படமாக்கினார். சிறந்த படம், சிறந்த நெறியாள்கை உட்பட நான்கு ஒஸ்கார் விருதுகளை அது பெற்றது. ஐரிஷ் வம்சாவளியினரின் வர்க்க நிலை, குடும்பப் பின்னணி, பேச்சு வழக்கு ஆகியவற்றை அது செறிவாகச் சித்திரிக்கிறது. கும்பல் தலைவனே மத்திய புலனாய்வுப் பணியகத்துக்குத் தகவல் வழங்குபவன் எனக் காட்டி, அரசும் குற்றமும் கைகோத்து நிற்பதை மூலப்படத்தினும் துணிவாக அம்பலப்படுத்துகிறது. அப்பாத்திரத்துக்கு ஓரளவு முன்மாதிரியான வைற்றி பல்ஜர் என்னும் பொஸ்ரன் குற்றவாளி உண்மையிலேயே அப்பணியகத்தின் தகவலாளியாக இருந்தவன்.

எனினும், முடிவில் அப்படம் தடுமாறுகிறது. துரோகி சுட்டுக்கொல்லப்படுகிறான், பார்வையாளர் நிம்மதியுடன் வெளியேறலாம். ஹொங்கொங் படத்துக்கும் சீனப் பெருநிலத்துக்கென லௌ கைதுசெய்யப்படும் மாற்று முடிவொன்று தயாரிக்கப்பட்டது. ஒன்றில் தனிமனிதனின் துப்பாக்கி, மற்றதில் அரசின் கைவிலங்கு. முற்றிலும் வேறுபட்ட இரு சமூகங்களும் ஒரு விடயத்தில் உடன்படுகின்றன: குற்றவாளி தண்டனையின்றி வாழ்வதைத் திரையில் காண அவை விரும்பவில்லை. இவ்விரு முடிவுகளும் நீதி நிலைநாட்டப்பட்டதாக ஆறுதல் அளிக்கின்றன. மூலப்படம் அவ்வாறுதலை மறுக்கிறது. அந்த மறுப்பே அதன் உண்மை.

1997இல் பிரித்தானிய ஆட்சியிலிருந்து சீனாவிடம் கையளிக்கப்பட்ட நகரின் அடையாள நெருக்கடியை இரட்டை வேடத்தின் உருவகமாகக் கண்ட விமர்சகர் பலர். இவ்விளக்கம் ஏற்புடையதே. ஆனால், அதனுள் மட்டும் படத்தை அடக்கிவிடின், பதிவேட்டினால் மனிதனை அளக்கும் எந்தச் சமூகத்துக்கும் அது விடுக்கும் எச்சரிக்கை மறைந்துவிடும்.

குறைகளும் இல்லாமலில்லை. உளவியல் மருத்துவர், நாவலாசிரியை ஆகிய பெண் பாத்திரங்கள் ஆண்களின் மனச்சாட்சியைப் பிரதிபலிக்கும் கண்ணாடிகளாகவே நின்றுவிடுகின்றன. பல ஆளுமைகளைக் கொண்ட ஒருவனைப் பற்றி நாவல் எழுதும் பெண், அவன் நல்லவனா தீயவனா என முடிவுசெய்ய இயலாது தவிப்பதாகக் காட்டுவது, சொல்லாமலே விளங்கும் பொருளை மிகையாக விளக்குவதாகும்.

இக்குறைகளைக் கடந்தும் படம் நிலைத்து நிற்கிறது. சான் பொலிஸ்காரன் என்பது அவன் இறந்த பின்னரே ஏற்கப்படுகிறது. வாழும்போது அவனுக்கு மறுக்கப்பட்ட பெயரைக் கல்லறை வழங்குகிறது. தன் கடமைக்காக ஒருவனை இருளுக்குள் அனுப்பும் அரசு, அவனை மீண்டும் ஒளிக்குக் கொண்டுவரும் வழியையும் காத்து வைத்திருந்ததா என்ற வினாவுக்கு அக்கல்லறை விடையாகாது.